தாடை வீங்கிய ஆடுகளுக்கு நீலகிரித் தைலம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்களிடம் இருபது வெள்ளாடுகள் இருக்கின்றன. மழைக்குப் பிறகு நாலைந்து ஆடுகள் மெலிந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கிவிட்டன. கழிச்சல் இல்லை. அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை வாங்கி எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக ஊற்றினேன், தேறவில்லை. நீலகிரித் தைலமோ கிராம்பு எண்ணெயோ கொடுத்தால் புழு விழும் என்கிறார்கள். எத்தனை சொட்டு கொடுக்கலாம்? (சிவகங்கை மாவட்ட வாசகர்)

பதில்: தைலத்தை இப்போது ஊற்றாதீர்கள். முதலில் வீங்கிய ஆட்டின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் வெளுத்திருந்தால், இரைப்பையின் நான்காம் அறையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழுவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இந்தப் புழுவுக்குக் கழிச்சல் வராது, சோகைதான் வரும். ஒரு பெண் புழு நாளுக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் இடும். மழை ஈரத்தில் அவை பொரித்து, குஞ்சுப்புழுக்கள் புல் நுனிக்கு ஏறிவிடும். ஈரல் தட்டைப்புழுவாலும் தாடை வீங்கும் என்பதால், ஆசனவாயிலிருந்தே எடுத்த புதுப் புழுக்கையை பாலிதீன் கவரில் போட்டு அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

எண்ணெய்களுக்குச் சக்தி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓமத்தில் உள்ள தைமால், கிராம்பில் உள்ள யூஜினால் இரண்டும் ஆய்வுக்கூடத் தட்டில் புழு முட்டை பொரிப்பதைத் தடுக்கின்றன. ஆனால் ஆட்டின் வயிறு அந்தத் தட்டு இல்லை. பெருவயிற்றில் பல லிட்டர் தீவனத்தோடு கலந்து, நுண்ணுயிர்களால் சிதைந்து, பாதி வழியிலேயே ரத்தத்தில் ஏறி, கடைசியில் புழு இருக்கும் அறைக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். பிரேசிலில் ஒரு யூகலிப்டஸ் வகையின் எண்ணெயை (நம் ஊர் நீலகிரித் தைலம் எடுக்கும் மரம் அல்ல) உடல் எடையில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் வீதம் வெள்ளாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சாணத்தில் முட்டை எண்ணிக்கை முக்கால் பங்கு குறைந்தது. நல்ல பலன்தான். ஆனால் 20 கிலோ ஆட்டுக்கு அது 10 கிராம் எண்ணெய்! சொட்டுக் கணக்கில் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அளவைக் கூட்டிக் கடைத் தைலத்தை ஊற்றினால் வாய், குடல் புண்ணாகும். புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஆடு அதோடு முடிந்தது.

அல்பெண்டசோல் ஏன் கேட்கவில்லை? எடை பார்க்காமல் ஊற்றியது ஒரு காரணமாக இருக்கலாம். வெள்ளாடு மருந்தைச் செம்மறியைவிட வேகமாகச் சிதைத்துவிடும், அதனால் செம்மறிக்கான அளவு பத்தாது. திரும்பத் திரும்ப ஒரே மருந்தைக் கொடுத்தால் புழுவும் அதற்குப் பழகிவிடும். ஆகவே தொங்கு தராசில் எடை போட்டு, வேறு வகை மருந்தையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடிக்க வேண்டாம். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் புழுக்கையைச் சோதித்தால் மருந்து வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும். இமை வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்து போதும்; சிவந்த இமையோடு திடமாக இருப்பவற்றை விட்டுவிடலாம், புழு மருந்துக்குப் பழகுவது அதனால் தள்ளிப்போகும்.

காலையில் பனி உலர்ந்த பிறகே மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள். கருவேலந்தழை நிறையக் கட்டுங்கள். அதன் துவர்ப்புச் சத்து புழுவை ஓரளவு கட்டுப்படுத்தும், ஆடு தரைப்புல்லைக் கடிப்பதும் குறையும். அப்புறம், சினை ஆடு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கவே கூடாது, குட்டி ஊனமாகப் பிறக்கும்.