வயர்லெஸ் கீபோர்டு எழுத்தை விழுங்கினால் மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப்புக்கு ஒரே டாங்கிளில் (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர்) ஓடும் வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் வாங்கிப் போட்டேன். டாலி கணக்கு மென்பொருளில் வவுச்சர் போடும்போது சில எழுத்துகள் விழுவதே இல்லை. சில சமயம் பூஜ்ஜியம் தானாகவே நாலைந்து விழுகிறது. மவுஸ் அம்புக்குறி நின்று நின்று நகர்கிறது. சாயங்காலம் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுக்கும்போது தொல்லை அதிகம். செல் மாற்றிப் பார்த்துவிட்டேன். சர்வீஸ்காரர் விண்டோஸை ஃபார்மட் செய்தார், பலனில்லை. இப்போது யூஎஸ்பி போர்ட் போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். கீழே சொல்வதைச் செய்து பார்க்கும்வரை அந்த வேலைக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். கோளாறு எங்கே என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேக்கப் எடுக்கும்போது தொல்லை அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை உங்கள் சர்வீஸ்காரர் காதில் வாங்கியிருந்தால் ஃபார்மட் வரைக்கும் போயிருக்க மாட்டார்.

உங்கள் கீபோர்டும் டாங்கிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் பேசிக்கொள்கின்றன. யாரும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட அலைவரிசை அது. வைஃபையும் அதில் ஓடுகிறது, ப்ளூடூத்தும் அதில்தான் ஓடுகிறது. இவை போதாதென்று யூஎஸ்பி 3.0 வந்து சேர்ந்தது. உங்கள் ஹார்டு டிஸ்கின் வயரைச் செருகும் துளைக்குள் நீல நிற நாக்கு ஒன்று தெரிகிறதா? அதுதான் யூஎஸ்பி 3.0. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் அது தகவலைக் கடத்தும்போது போர்ட்டிலிருந்தும் வயரிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் வந்து விழுகிறது. நான் சந்தேகப்பட்டுச் சொல்வதில்லை இது. இன்டெல் நிறுவனமே 2012-இல் சோதித்துப் பார்த்து, வயர்லெஸ் மவுஸ்கள் இதனால் தடுமாறும் என்று அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

கீபோர்டு அனுப்பும் சிக்னல் மிகவும் மெல்லியது. இரண்டு சின்ன செல்லில் மாதக்கணக்கில் ஓட வேண்டும் என்பதால் அப்படித்தான் செய்வார்கள். டாங்கிளுக்குப் பக்கத்துப் போர்ட்டிலேயே ஹார்டு டிஸ்க் ஓடினால், ஓடுகிற மிக்ஸிக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் பக்கத்து அறையிலிருந்து மெதுவாகப் பேசுகிற கதைதான். இதில் பேசுபவர்மேலும் குற்றமில்லை, கேட்பவர்மேலும் குற்றமில்லை.

பூஜ்ஜியம் தானாகப் பெருகுவதற்கும் காரணம் இதுதான். ஒரு கீயை அழுத்தும்போது 'அழுத்தினார்' என்று ஒரு செய்தி போகிறது. கையை எடுக்கும்போது 'விட்டுவிட்டார்' என்று இன்னொன்று போகிறது. முதல் செய்தி தொலைந்தால் எழுத்து விழாது. இரண்டாவது தொலைந்தால், நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள் என்று கணினி நினைத்து அதே எழுத்தைப் போட்டுக்கொண்டே போகும். 5000 இப்படித்தான் 50000 ஆகிறது. ஆகவே ஒரு முக்கியமான வேலை: இந்தத் தொல்லை ஆரம்பித்த நாளிலிருந்து போட்ட வவுச்சர்களை எல்லாம் பில்லோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போன பிறகு கண்டுபிடித்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

சரி, தீர்வு. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்கள். ஒரு முனை போர்ட்டில் செருகுவது, மறுமுனை டாங்கிளைச் செருகத் துளை உள்ளது, நீளம் ஒரு மீட்டர். யூஎஸ்பி 2.0 கேபிளே போதும்; விலை கூடிய 3.0 கேபிளைக் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிபியூவில் நீல நிறம் இல்லாத கறுப்புப் போர்ட்டில் அதைச் செருகி, மறுமுனையை மேஜைமேல் கொண்டுவந்து, அதில் டாங்கிளை மாட்டுங்கள். கீபோர்டுக்கு ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். ஹார்டு டிஸ்கும் அதன் வயரும் சிபியூவின் மறுபக்கமே இருக்கட்டும். டாங்கிள் மேஜையில் உருளாமல் இருக்க இரட்டைப் பக்க டேப் ஒட்டிக்கொள்ளலாம். இவ்வளவுதான் செலவு.

கேபிளுக்குப் பதிலாகப் பல போர்ட் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை வாங்கி, அதில் டாங்கிளையும் ஹார்டு டிஸ்கையும் சேர்த்துச் செருகாதீர்கள். பிரித்து வைக்க வேண்டிய இரண்டை மறுபடி பக்கத்தில் உட்கார வைப்பதாகிவிடும்.

இன்றைக்கே கேபிள் கிடைக்காவிட்டால், டாங்கிளை சிபியூவின் முன்பக்கத்துக் கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், ஹார்டு டிஸ்கைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். டாங்கிள் இப்போது பின்பக்கம்தான் செருகியிருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலோர் அங்கேதான் செருகுகிறார்கள். சிபியூ பெட்டி முழுக்கத் தகரம். பின்பக்கம் செருகினால் அவ்வளவு தகரத்தையும் தாண்டி சிக்னல் வர வேண்டும். பெட்டி மேஜைக்குக் கீழே இருந்தால் இன்னும் மோசம்.

மாற்றிய பிறகு நோட்பேடைத் திறந்துகொள்ளுங்கள். பேக்கப்பை ஓடவிட்டு, 1 முதல் 0 வரை வரிசையாக ஒரே வேகத்தில் ஒரு பக்கம் நிறைய அடியுங்கள், ஒவ்வொரு வரிசைக்கும் என்டர் தட்டி. எல்லா வரியும் ஒரே நீளத்தில் நின்றால் வேலை முடிந்தது. எங்காவது ஒரு வரி குட்டையாகவோ நெட்டையாகவோ இருந்தால் கண்ணில் உடனே படும். டாங்கிள் பழைய இடத்தில் இருந்தபோதே இதை ஒருமுறை அடித்து வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

இனி, போர்ட் போய்விட்டது என்ற பேச்சுக்கு வருகிறேன். உண்மையிலேயே போர்ட் ஆடினாலோ கரண்ட் ஒழுங்காக வராவிட்டாலோ விண்டோஸ் சும்மா இருக்காது. பென் டிரைவைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ஒரு சத்தம் வருமே, டாங்கிள் துண்டிக்கப்படும்போதும் அதே சத்தம் வரும். காற்றில் சிக்னல் தொலைந்தால் அந்தச் சத்தம் வராது, ஏனென்றால் டாங்கிள் கணினியோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கவனியுங்கள். சத்தமே இல்லாமல் எழுத்து விழுங்குகிறதென்றால் போர்ட்மேல் பழி இல்லை. அதே போர்ட்டில் பென் டிரைவைச் செருகி ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தும் பாருங்கள். சரி, ஒரு போர்ட் போயே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். பெட்டியில் இன்னும் அரை டஜன் போர்ட் இருக்குமே! ஒரு போர்ட்டுக்காக முழு மதர்போர்டையும் மாற்றச் சொல்வதை ஒத்துக்கொள்ளவே கூடாது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கீபோர்டு தடுமாறுகிறது என்றதும் ஃபார்மட் செய்கிற வழக்கம் ஊர் ஊருக்கு இருக்கிறது. நாலு மணி நேரம் ஆகும், பில் போடலாம், வாடிக்கையாளருக்கும் பெரிய வேலை நடந்த மாதிரி இருக்கும். கணக்கு அலுவலகத்தில் ஃபார்மட் என்பது விளையாட்டு இல்லை. உங்கள் டாலி டேட்டா முழுதாகத் திரும்பி வந்ததா என்று கம்பெனி கம்பெனியாகத் திறந்து இன்றைக்கே பாருங்கள். அப்புறம், டாங்கிளில் ஓடும் கீபோர்டுக்குத் தேவையான டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) விண்டோஸிலேயே இருக்கிறது. 'டிரைவர் அப்டேட்டர்' என்று காசு கேட்கும் மென்பொருள் எதையும் போடாதீர்கள். கீபோர்டு கம்பெனியின் உதவி எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வருகிற நம்பருக்கு அடிக்கவும் வேண்டாம். எனிடெஸ்க் மாதிரி எதையாவது நிறுவச் சொல்லிக் கணினிக்குள் நுழைகிற மோசடிக்காரர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். உங்கள் கணினியில் உங்கள் கணக்கு மட்டுமா இருக்கிறது? உங்களை நம்பியவர்களின் பான் எண்ணும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் இருக்கின்றன.

'எல்லாக் கீபோர்டுக்கும் பொருந்தும் டாங்கிள்' என்று ஆன்லைனில் விற்பதையும் வாங்காதீர்கள். ஒரு கம்பெனி டாங்கிள் இன்னொரு கம்பெனி கீபோர்டோடு பேசாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே பேசாத கதையும் உண்டு: லாஜிடெக் 2009-இல் கொண்டுவந்த யூனிஃபையிங் டாங்கிளும் 2021-இல் கொண்டுவந்த போல்ட் டாங்கிளும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. விலை குறைந்த செட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். டாங்கிள் தொலைந்தால் நல்ல கீபோர்டும் நல்ல மவுஸும் குப்பைக்குப் போக வேண்டியதுதான். நகம் அளவு பொருளைத் தனியாக விற்க ஏன் மனம் வரவில்லை என்று கம்பெனிகளைத்தான் கேட்க வேண்டும். முன்பு சில கம்பெனிகள் டாங்கிளோடு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இப்போது கிடைக்கும் மலிவு செட்டுகளில் அதைக் காணோம். அட்டையில் மட்டும் '10 மீட்டர் தூரம்' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அது தடையும் இரைச்சலும் இல்லாத இடத்துக் கணக்கு. தகரப் பெட்டியும் ஹார்டு டிஸ்கும் ரவுட்டரும் சூழ்ந்த உங்கள் மேஜைக்கு அது எப்படிப் பொருந்தும்?

வேறு சில சின்ன விஷயங்கள். வைஃபை ரவுட்டர் சிபியூமேல் உட்கார்ந்திருந்தால் சில அடி தள்ளி வையுங்கள். முடிந்தால் கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கோ லேன் வயருக்கோ மாற்றிவிடுங்கள். செல் ஆல்கலைன் ஆக இருக்கட்டும், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற மலிவு செல் வேண்டாம், பழையதையும் புதியதையும் கலக்கவும் வேண்டாம். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டு, திரும்ப வந்து அடிக்கும்போது மட்டும் முதல் எழுத்து விழவில்லை என்றால் அது மின்சிக்கனக் கோளாறு: கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி மேஜையில் மவுஸ் துள்ளுவது வேறு கதை. ஒரு மவுஸ் பேட் போட்டால் தீர்ந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் டாங்கிள் உள்ளவர்களுக்கு. டாங்கிளே இல்லாமல் நேராக ப்ளூடூத்தில் இணைக்கும் கீபோர்டுகளுக்கு இது அப்படியே பொருந்தாது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். நீங்களும் நாளைக்கு அப்படி ஒன்று வாங்கக்கூடும். லேப்டாப்பில் ஆன்டெனா உள்ளேயே இருக்கிறது. ப்ளூடூத் உள்ள டெஸ்க்டாப் மதர்போர்டில் அதுவும் வைஃபையும் பெரும்பாலும் ஒரே சின்ன கார்டில் இருக்கும், ஆன்டெனா மட்டும் வெளியே தனியாக மாட்ட வேண்டும். சிபியூவின் பின்பக்கம் திருகுப் புரியோடு இரண்டு தங்க நிறக் குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஆன்டெனாவுக்காகத்தான். அசெம்பிள் செய்து தரும் கடைகளில் பலர் ஆன்டெனாவை மாட்டாமலே பெட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். 'லேன் வயர்தானே போடுகிறீர்கள், வைஃபை எதற்கு' என்பது அவர்கள் கணக்கு. அந்த ஆன்டெனா ப்ளூடூத்துக்கும் சேர்த்துத்தான் என்பது தெரிவதில்லை.

ஆன்டெனா இல்லாமலும் ப்ளூடூத் இணைகிறது, குழப்பமே அதனால்தான் வருகிறது. கீபோர்டு பெயர் திரையில் வரும், இணைந்தது என்றும் காட்டும், கீபோர்டைப் பெட்டிக்கு அருகில் வைத்தால் நன்றாகவே ஓடும். மூன்றடி தள்ளினால் விழுங்க ஆரம்பிக்கும். உடனே கீபோர்டு மட்டம் என்று திருப்பிக் கொடுத்து வேறு வாங்குகிறார்கள், அதுவும் விழுங்குகிறது. ஆகவே மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியைத் தேடிப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஆன்டெனா அதிலேயே கிடக்கலாம். இல்லாவிட்டால் அசெம்பிள் செய்தவரிடம் கேளுங்கள், நீங்கள் காசு கொடுத்த பொருள் அது. இரண்டையும் கையாலேயே திருகலாம், இடுக்கி வேண்டாம். வயரோடு வரும் ஆன்டெனாவாக இருந்தால் பெட்டிக்குப் பின்னால் தொங்கவிடாமல் மேஜைமேல் எடுத்து வையுங்கள். பின்பக்கம் அந்தக் குமிழ்களே இல்லை, ப்ளூடூத்துக்குத் தனிக் குட்டி அடாப்டர்தான் செருகியிருக்கிறது என்றால், அதற்கும் மேலே சொன்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் வைத்தியம்தான்.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், கேபிள் போட்டு, ஹார்டு டிஸ்கைத் தள்ளி வைத்த பிறகும் நோட்பேடில் வரிகள் ஒழுங்கில்லாமல் வந்தால், செட்டைக் கழற்றி வேறொரு கணினியில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் விழுங்கினால் கோளாறு கீபோர்டில் அல்லது டாங்கிளில், மதர்போர்டில் இல்லை. வாரண்டி இருக்கும்போதே பில்லோடு கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்; டாங்கிளையும் மறக்காமல் கூடவே கொடுங்கள். கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். புதிதாக வாங்குவதானால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். வயர்லெஸ் கீபோர்டுக்கு அது கட்டாயம் என்று 2012-லேயே ஆணை போட்டாகிவிட்டது. அப்படியிருந்தும் எண் இல்லாத பெட்டிகள் கடைகளில் விற்கத்தான் செய்கின்றன.

அதுவரை, வவுச்சர் போடும் அந்தக் கணினிக்கு ஒரு சாதாரண வயர் கீபோர்டைச் செருகி வேலையை நடத்துங்கள்.