வைட்பேண்ட் கேஜுக்கு எர்த் எங்கே கொடுப்பது? கேள்வி பதில்

இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைப் புகையிலிருந்து கண்டுபிடிப்பது வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார், அதைக் காட்டுவது கேஜ். இவற்றை வாங்கிச் சொந்தமாக மாட்டுகிறவர்கள் கேட்டவற்றில், எர்த் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். கடைசியில் ஒன்று எல்லை தாண்டியது. பலரும் கேட்பதால் விடவில்லை.

என் இன்னோவேட் எம்டிஎக்ஸ்-எல் கேஜில் 14.7 காட்டுகிறது (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று). அதே நேரம் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) லாகில் 15.1. எதை நம்புவது, அண்ணா?

கேஜை நம்புங்கள். சென்சாரைப் படிப்பது கேஜுக்குள் இருக்கும் கன்ட்ரோலர்தான். ஈசியூவுக்குப் போய்ச் சேர்வது அது அனுப்பும் 0 முதல் 5 வோல்ட் சிக்னல். வழியில் ஏதோ கூடியிருக்கிறது. உங்களிடம் இருப்பது இன்னோவேட் எம்டிஎக்ஸ்-எல் என்கிறீர்கள். அதில் கம்பெனி வைத்த கணக்கு 0 வோல்ட்டுக்கு 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39. அதாவது ஒரு வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 3 பாயிண்ட். 0.4 பிசக 0.13 வோல்ட் போதும்.

ஆனால் எர்த்தைக் கழற்றுவதற்கு முன், ஈசியூவில் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ரிச் (பெட்ரோல் கூடிய) பக்கம் ஒரு அளவும் லீன் (பெட்ரோல் குறைந்த) பக்கம் வேறு அளவும் பிசகினால் பெரும்பாலும் கணக்குதான் தப்பு. எல்லா இடத்திலும் அதே 0.4 என்றால் எர்த்தைச் சந்தேகப்படலாம். ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் போட்டதும் வித்தியாசம் மாறுகிறதா? அப்படியானால் எர்த்தேதான்.

எர்த் என்றாலே பூஜ்யம்தானே சார்? அங்கே 0.13 வோல்ட் எப்படி வரும்?

வயரிங் படத்தில்தான் பூஜ்யம். வண்டியில் கரண்ட் ஓடும் எந்த வயரிலும் கொஞ்சம் வோல்ட் விழும்.

பல கேஜ்களோடு வரும் பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார் வேலை செய்ய அதன் உள்ளே சுமார் 780 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதற்கு ஒரு ஹீட்டர் இருக்கிறது. சூடேறும் நேரத்தில் 2 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும், பிறகு ஒரு ஆம்பியர் அளவுக்கு இறங்கும். இந்தக் கரண்ட் முழுக்கக் கேஜின் எர்த் வயர் வழியாகத்தான் திரும்புகிறது. 1 சதுர மி.மீ. செம்பு வயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிஓம். டேஷ்போர்டிலிருந்து இன்ஜின் வரை 2 மீட்டர் போட்டால் 36 மில்லிஓம். 2 ஆம்பியரில் 0.07 வோல்ட் அங்கேயே போய்விட்டது. பெயிண்ட் மேல் முறுக்கிய லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) ஒன்று நடுவில் இருந்தால் மீதியும் வந்துவிடும்.

கேஜின் எர்த் இப்படி மேலே ஏறினால் அது அனுப்பும் சிக்னலும் கூடவே ஏறும். ஈசியூவோ தன் எர்த்திலிருந்துதான் அளக்கிறது. அதனால் கலவை லீன் என்று நினைத்து பெட்ரோலைக் கூட்டும். இது பெட்ரோல் செலவோடு போகும். தலைகீழாக, ஈசியூவின் எர்த் கெட்டுப்போய் அது மேலே ஏறினால் கலவை ரிச் என்று தெரியும். அதை நம்பி நீங்கள் பெட்ரோலைக் குறைப்பீர்கள். டர்போ வண்டியில் கலவை லீனாகி பிஸ்டன் போவது இப்படித்தான்.

சரி, எங்கேதான் கொடுப்பது?

ஈசியூவின் பவர் எர்த் (அதன் முக்கிய மைனஸ் வயர்) எந்த போல்ட்டில் போய் முடிகிறதோ, அந்த போல்ட்டில். பெரும்பாலான வண்டிகளில் அது இன்ஜின் பிளாக்கிலோ இன்டேக் மேனிஃபோல்டிலோ இருக்கும். 1.5 சதுர மி.மீ. வயர், நன்றாக கிரிம்ப் செய்த லக், அடியில் பளபளக்கும் உலோகம்.

உங்கள் கேஜில் சிக்னலுக்கென்று தனி மைனஸ் வயர் இருந்தால் (ஏஇஎம் எக்ஸ்-சீரிஸில் உண்டு) அதை ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கு (சென்சார்களுக்கென்றே உள்ள மைனஸ் பின்) கொண்டு போங்கள். அதில் ஹீட்டர் கரண்ட் ஓடாது. அதனால் எர்த் வயரில் விழும் வோல்ட் சிக்னலைத் தொடாது. என்னைக் கேட்டால், இந்த ஒரு வயருக்காகவே கேஜைத் தேர்ந்தெடுக்கலாம்.

அப்படியானால் மெயின் எர்த்தையும் அதே சென்சார் எர்த் பின்னில் கொடுத்துவிடலாமா? பக்கத்திலேயே இருக்கிறதே.

கூடவே கூடாது. த்ராட்டில் பொசிஷன், கூலன்ட் டெம்பரேச்சர், மேப் (மேனிஃபோல்ட் பிரஷர்) சென்சார் எல்லாம் அந்தப் பின்னை நம்பித்தான் இருக்கின்றன. ஹீட்டர் கரண்ட்டை அங்கே விட்டால் எல்லா ரீடிங்கும் சேர்ந்து பிசகும். ஈசியூ போர்டில் அந்தப் பின்னுக்கு உள்ள மெல்லிய டிராக் எரிந்தும் போகலாம்.

பேட்டரி மைனஸில் நேராகக் கொடுத்தால்?

கேஜில் விளக்கு வரும், ரீடிங்கும் வரும். ஆனால் ஈசியூ இன்ஜினில் எர்த் ஆகியிருக்கும்போது பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் விழும் வோல்ட் முழுக்க உங்கள் சிக்னலில் ஏறும். புது வண்டிகள் சிலவற்றில் பேட்டரி மைனஸ் டெர்மினலில் கரண்ட் சென்சார் வேறு இருக்கிறது. அதைத் தாண்டி வயர் போட்டால் சார்ஜிங் கணக்கும் குழம்பும்.

சென்சாரே சைலன்சர் பைப்பில் திருகித்தானே இருக்கிறது? அதுவே எர்த் ஆகாதா?

பழைய ஒற்றை வயர் நேரோபேண்ட் சென்சாருக்கு (ரிச்சா லீனா என்று மட்டும் சொல்வது) ஆகும். வைட்பேண்டுக்கு ஆகாது. அதன் ஐந்து வயரும் கன்ட்ரோலருக்கே போக வேண்டும். அதில் ஒன்றை எர்த் என்று நினைத்துப் பாடியில் தட்டிவிடாதீர்கள். பல கன்ட்ரோலர்களில் அந்தப் பொது வயரே எர்த்துக்கு மேல் 2.5 வோல்ட்டில் நிற்கிறது. சென்சார் கனெக்டரை வெட்டவும் வேண்டாம். அந்த சென்சாருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் அதற்குள் இருக்கிறது.

டொராண்டோவில் இருக்கிறேன். எர்த் பாயிண்டை மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தேன், 0.3 காட்டியது. நல்லதுதானே?

அது உங்கள் மீட்டர் ப்ரோபின் ரெசிஸ்டன்ஸாகக்கூட இருக்கலாம். ஓமில் பார்ப்பதை விடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாம் போடுங்கள். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை கேஜின் எர்த் வயரிலும் மறுமுனையை ஈசியூவின் எர்த்திலும் தொடுங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 50-ஐத் தாண்டினால் தேட வேண்டும். ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போனால் எங்கே எகிறுகிறதோ அதுதான் இடம்.

குளிர்காலச் சாலை உப்பு இருக்கும் ஊர் உங்களுடையது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டையை முதலில் பாருங்கள். வெளியே பச்சை பூத்திருந்தால் உள்ளேயும் அரித்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸ் இறுக்கிய பிறகுதான்.

ஈசியூவோடு இணைக்கவே இல்லை, சும்மா கேஜைப் பார்க்க மட்டும். இத்தனையும் வேண்டுமா?

வேண்டாம். டேஷ்போர்டுக்கு அடியில் சுத்தமான ஒரு பாடி போல்ட் போதும். அளப்பது கன்ட்ரோலருக்குள்ளேயே நடக்கிறது. ஆம்ப்ளிஃபையர் எர்த்தோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

இந்தியாவில் இப்போது இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது). ஐடிலில் 13.5 காட்ட வேண்டாமா? 14.7 தானே காட்டுகிறது?

சரியாகத்தான் காட்டுகிறது. சென்சார் அளப்பது லாம்டாவை, அதாவது பெட்ரோல் முழுக்க எரியத் தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பதை. சரியாக இருந்தால் 1. கேஜ் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இ20-க்கு உண்மையான விகிதம் 13.5 பக்கம் இருந்தாலும் லாம்டா 1 என்றால் கேஜில் 14.7 என்றே வரும். கேஜை லாம்டாவுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். அப்புறம் எந்த பெட்ரோல் போட்டாலும் இந்தக் கேள்வி வராது.