கிட்டியை எத்தனை வரி எழுதலாம்?

கேள்வி: உங்கள் தொடர்கதையில் தீர்வை (நிலவரி) கட்ட முடியாத விவசாயியைத் தாலுகா கச்சேரிக்கு, அதாவது தாசில்தார் அலுவலகத்துக்கு, இழுத்துப் போகிறார்கள். அங்கே விரலை நெரிக்கும் கிட்டி போடும் இடத்தை மட்டும் நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். இது கொடுமையை மூடி மறைப்பது ஆகாதா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: மறைக்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான், அம்மா. சென்னை மாகாணத்தில் தீர்வை வசூலுக்காக நடந்த சித்திரவதைகளை விசாரிக்க 1854இல் ஒரு கமிஷன் அமைந்தது. மறு வருஷமே அறிக்கை வந்தது. கிட்டியும் அண்ணாந்தாளும் அந்த ஆங்கில அறிக்கையில் நம் பெயர்களோடேயே இருக்கின்றன. கிட்டி என்பது இரண்டு கட்டை. நடுவில் கைவிரலை வைத்து நெரிப்பார்கள். அண்ணாந்தாள் என்றால், கழுத்தில் கயிற்றைப் போட்டு, கால்விரலுக்கு அடியில் கொடுத்து, ஆளைக் குனிந்தபடியே கட்டி வைப்பது.

விரல் நொறுங்குவதை ஒரு பக்கத்துக்கு எழுத என்னால் முடியும். எழுதினால் வாசகர் கண் அந்த விரலிலேயே நின்றுவிடும். நெரிக்கச் சொன்னவன் தப்பித்துவிடுவான்.

அன்றைக்குத் தாசில்தார் கையில் வசூலும் இருந்தது, போலீஸும் இருந்தது. சேவகன் அடித்தான் என்று புகார் சொல்ல அவனுடைய எஜமானிடமே போக வேண்டும். போலீஸ் தனியாகப் பிரிந்தது 1859 சட்டத்துக்குப் பிறகுதான். அதனால்தான் பாக்கித் தொகை, மேலிருந்து வந்த தாக்கீது, கச்சேரி வாசலில் நிற்கும் மனைவி என்று இவற்றுக்குப் பக்கம் பக்கமாகக் கொடுத்தேன். கமிஷன் பழியை இந்தியச் சிப்பந்திகள் மேல் போட்டுவிட்டு வெள்ளை அதிகாரிகளை விட்டுவிட்டது. கெடு விதித்தது யார் என்று கேட்காத நாவல் அதே தீர்ப்பைத்தான் மறுபடி எழுதுகிறது.

இன்னொன்றும் உண்டு. அடிபட்ட குடியானவரின் வம்சத்தில் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுடைய பாட்டனைத் துடிக்கும் உடம்பாக மட்டும் காட்ட எனக்கு உரிமையில்லை. அந்த மனிதர்கள் கமிஷன் முன்னால் நேரில் வந்து சொன்னார்கள், கடிதமும் எழுதினார்கள். திரும்பி அதே தாசில்தார் ஆளும் ஊருக்குத்தான் போக வேண்டும் என்று தெரிந்தே சொன்னார்கள். எத்தனை பெரிய துணிச்சல்! அதை எழுதத்தான் இந்தத் தொடரையே ஆரம்பித்தேன்.

கேள்வி: விறுவிறுப்புக்காக ஆதாரமில்லாத கொடுமைகளைச் சேர்க்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. பாத்திரத்தையும் பேச்சையும் கற்பிக்கலாம். நடக்காத கொடுமையை ஒரு காலத்தின் தலையில் கட்டக் கூடாது. அறிக்கையில் திரும்பத் திரும்ப வருபவை கயிறு, கட்டை, மிளகாய், வெயில். என் தொடரிலும் அவைதான் வரும்.