எண் கேள்வி, எண் பதில்: 33550336

கேள்வி: 33550336 ஐந்தாவது நிறைவு எண் என்கிறார்கள். காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடாமல் கையாலேயே இதைச் சரிபார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளைக் கூட்டினால் தானே கிடைக்கும் எண், நிறைவு எண். 6 = 1 + 2 + 3.

முதலில் 33550336-ஐ 2ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். 12 முறை மீதியின்றி வகுபட்டு, 8191 நிற்கும். அதாவது 2¹² × 8191.

8191 பகா எண்தானா? விஷயமே இதில்தான் இருக்கிறது. பலர் சோதிக்காமல் தாண்டிவிடுவதும் இதைத்தான். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 90.5. அதற்குள் 24 பகா எண்கள் இருந்தாலும் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டாம். 8191 என்பது 2¹³ − 1. அடுக்கான 13 பகா எண் என்பதால், 8191-ஐ வகுக்கும் பகா எண் எதுவானாலும் 26ன் (2 × 13) மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். 90க்குள் அப்படி இருப்பவை 27, 53, 79. இவற்றில் 27 பகா எண் அல்ல. 53ஆல் வகுத்தால் மீதி 29, 79ஆல் வகுத்தால் மீதி 54. இரண்டே வகுத்தலில் 8191 பகா எண் என்று உறுதியாகிவிட்டது. எவ்வளவு அழகான சுருக்கம்!

இனிக் கூட்டல். 1, 2, 4 … 4096 ஆகிய 13 காரணிகளின் கூடுதல் 8191. மற்ற 12 காரணிகள் 8191-ஐ 1, 2, 4 … 2048ஆல் பெருக்கி வருபவை; கூடுதல் 8191 × 4095 = 33542145. இரண்டையும் கூட்டினால் 33550336.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அதனால் 2¹⁰ × 2047 = 2096128-க்கு எதிர்பாராத காரணிகள் சேர்ந்து, கூடுதல் 2325392 ஆகிவிடுகிறது. கூடுதல் எண்ணையே மிஞ்சுவதால் 2096128 ஒரு மிகை எண்.

கேள்வி: இதே எண்ணுக்கு என் கணினி நிரல் 67100672 என்று விடை தருகிறது. எங்கே பிழை?

பதில்: அது சரியாக இரு மடங்கு. 1-க்கு ஜோடியாக 33550336-ஐயும் உங்கள் நிரல் கூட்டியிருக்கிறது. கூடுதலை 1-இல் தொடங்கி, சுழற்சியை 2-இலிருந்து 5792 வரை ஓட்டுங்கள். வர்க்கமூலம் அதற்குச் சற்றே மேல்தான். ஒவ்வொரு காரணியோடும் அதன் ஜோடியையும் சேருங்கள். 36 போன்ற வர்க்க எண்களில் 6-ஐ இரண்டு முறை கூட்டிவிடாமல் ஒரு நிபந்தனையும் வேண்டும். இல்லாவிட்டால் 55க்குப் பதில் 61 வரும்.

கேள்வி: இந்த எண் வேறு எந்த வகைகளில் சேரும்?

பதில்: 1 முதல் 8191 வரை கூட்டினால் இதுவே வரும், எனவே முக்கோண எண். 1³ + 3³ + 5³ … 127³ என 64 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுதான். இரும முறையில் எழுதினால் 13 ஒன்றுகள், பின்னால் 12 பூச்சியங்கள். முதல் நான்கு நிறைவு எண்களான 6, 28, 496, 8128 முறையே 1, 2, 3, 4 இலக்கங்கள் கொண்டவை. ஐந்தாவதற்கு 5 இலக்கம் என்று பழங்காலத்தில் நம்பியதை, 8 இலக்கம் கொண்ட இந்த எண் பொய்யாக்கியது. கடைசி இலக்கம் 6, 8 என மாறி மாறி வரும் என்ற நம்பிக்கையும் அடுத்த எண்ணிலேயே உடைந்தது: 8589869056.