வெயில் கல்யாணத்தில் கண் இருட்டுகிறதா? ஸ்ப்ரே வேண்டாம், நாற்காலியைப் பிடியுங்கள்

கேள்வி: எனக்கு 58 வயது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதில் ஒன்று நீர் பிரியவைக்கும் மாத்திரை. அடுத்த மாதம் நெருங்கிய தோழியின் மகளுக்குத் திறந்தவெளியில் கல்யாணம், பிற்பகல் 3 மணிக்கு. போன கோடையில் இதே மாதிரி ஒரு கல்யாணத்தில் போட்டோவுக்காக நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. போகாமலும் இருக்க முடியாது. கழுத்தில் மாட்டும் ஃபேன், கூலிங் ஸ்ப்ரே என்று விற்கிறார்களே, எதை வாங்கலாம்?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் எதையும் வாங்குமுன், அன்று உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். சூட்டை வெளியேற்ற உடம்பு தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்களை விரித்துவிடுகிறது. அந்த நேரத்தில் அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்ததும் கண் இருட்டும். ரத்த அழுத்தத்தையும் உடம்பின் நீரையும் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும். உங்களைத் தள்ளாட வைத்தது வெயில் பாதி, நின்றது பாதி.

அதனால் முதலில் நாற்காலி. போட்டோவுக்கு எல்லோரும் வந்து நின்ற பிறகு கடைசி ஆளாக எழுந்து போங்கள். நின்றே ஆக வேண்டுமென்றால் குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டே இருங்கள். கெண்டைக்கால் தசை இறுகும்போதெல்லாம் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். நீளமான உடைக்குள் செய்தால் யாருக்கும் தெரியாது. கொட்டாவி, குமட்டல், காதில் இரைச்சல் என்று ஆரம்பித்தால், ‘இன்னும் ஒரே ஒரு படம்’ என்று யார் கெஞ்சினாலும் உட்கார்ந்துவிடுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் இந்த வாரமே போய், போன வருடம் நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். உண்மையில் கோடை பிறக்கும்போதே மருத்துவர்களாகிய நாங்கள் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. சீட்டு எழுதியதும் அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரத்தில் அது விடுபட்டுப் போகிறது. மயங்கி விழுந்த பிறகுதான் வெயிலைப் பற்றிப் பேச்சு வருகிறது. இந்த வழக்கம் மாறாமலே இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி நீங்கள் கேட்ட பொருள்கள். கூலிங் ஸ்ப்ரே, கூலிங் டிஷ்யூ பலவற்றில் இருப்பது மென்தால். குளிரை உணரும் நரம்பை அது தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். உடம்புச் சூடு அப்படியேதான் இருக்கும். சில்லென்று இருக்கிறதே என்று நம்பி இன்னும் அரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்துவிடுவீர்கள், அங்கேதான் ஆபத்து. காசு கொடுத்து இதை வாங்காதீர்கள். ஒரு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிடரியிலும் முன்கைகளிலும் ஒற்றிக்கொண்டே இருங்கள். 1 லிட்டர் வியர்வை முழுதாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வழிந்து சொட்டுகிற வியர்வையால் பயன் இல்லை, காய்கிற ஈரம்தான் குளிர்ச்சி. கழுத்து ஃபேனும் ஈரத்தைக் காயவைக்கும் அளவுக்குத்தான் உதவும். 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் ஃபேன் உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்னொரு ஏமாற்று, ‘ஏசி பந்தல்’. கல்யாண வீட்டாருக்கே தெரியாமல் இது நடக்கிறது. இடைத்தரகர் ஏசி என்று பேசிப் பணம் வாங்குவார். வந்து இறங்குவது தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர். நாலு பக்கமும் பிளாஸ்டிக் திரையை இழுத்துவிட்டு உள்ளே அதை ஓடவிட்டால் காற்றில் ஈரம் ஏறிக்கொண்டே போகும், வியர்வை காயாது, புழுங்கித் தள்ளும். பூ அலங்காரத்துக்கும் விளக்குக்கும் நாள்கணக்கில் யோசிக்கிறார்கள், விருந்தாளி எங்கே உட்காருவார் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. திரை திறந்திருக்கும் ஓரத்தில் உட்காருங்கள். பந்தலே இல்லையென்றால் பெரிய மரத்துக்கோ கட்டடத்துக்கோ கிழக்குப் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லுங்கள். பிற்பகலில் நிழல் அந்தப் பக்கம்தான் நீளும். தோழியிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அன்றைக்கு அவருக்கு நேரம் இருக்காது.

உடை தளர்வாக, மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். குடை எடுத்துப் போங்கள். மது வேண்டாம்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாகத்துக்குக் காத்திராமல் சிறிது சிறிதாகக் குடியுங்கள் என்பது பொது விதி. ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ‘ஒரு நாளைக்கு இவ்வளவுதான்’ என்று அளவு சொல்லியிருப்பார்கள். உங்களுக்கும் அப்படிச் சொல்லியிருந்தால், வெயில் என்பதற்காக நீங்களாக அதைத் தாண்டாதீர்கள். எவ்வளவு கூட்டலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அளவு சொல்லாவிட்டாலும், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடலாம். அதற்காக ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்துக் கொண்டுபோவதும் தேவையில்லை. அது வயிற்றுப்போக்குக்கான கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 1 லிட்டரில் 2.6 கிராம் உப்பு இருக்கிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவர் மூன்று மணி நேரம் நிழலில் உட்கார்ந்திருக்க அந்த உப்பு எதற்கு? ‘எலக்ட்ரோலைட்’ என்று எழுதிய இனிப்புப் பாட்டில்களும் வேண்டாம். தண்ணீரும் வழக்கமான சாப்பாடும் போதும்.

இவ்வளவு பார்த்தும் தலை சுற்றினால் நிழலில் படுத்துக் கால்களை உயர்த்திக்கொள்ளுங்கள்; பக்கத்தில் இருப்பவரை ஈரத்துணியால் ஒற்றி விசிறச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் உளறினாலோ அரை மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. அது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). வியர்க்கிறதே, பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வெப்பத்தாக்கு வந்தவருக்கும் வியர்க்கலாம். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களோடு வருகிறவருக்கு இதைப் படித்துக் காட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் இதைச் செய்ய வேண்டியவர் அவர்தான்.