டர்பனில் ஆடை டிசைனை எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் சிறிய அளவில் குர்த்தாவும் பிளவுஸும் செய்து விற்கிறேன். தைப்பது வெளியே ஒரு சி.எம்.டி. கூடத்தில் (துணியை வெட்டி, தைத்து, முடித்துக் கொடுக்கும் இடம்). டிசைன் திருட்டுப் போகாமல் இருக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் கடையில் தொங்கும் உடையில் கண்ணுக்குத் தெரிவது எதுவும் ரகசியமாகாது. அதைப் பதிவு செய்துதான் காக்க முடியும். பேட்டர்ன் (துணி வெட்டும் அச்சு மாதிரி), கிரேடிங் அளவுகள் (ஒவ்வொரு சைஸுக்கும் அதை மாற்றும் கணக்கு), துணி வாங்கும் இடம், விலைக் கணக்கு ஆகியவைதான் வணிக ரகசியம்.

பதிவுக்கு, தென்னாப்பிரிக்காவின் நிறுவனங்கள், அறிவுசார் சொத்து ஆணையமான சி.ஐ.பி.சி.யில் விண்ணப்பியுங்கள். 1993-ஆம் ஆண்டு டிசைன்ஸ் சட்டப்படி அழகியல் டிசைனுக்கு 15 ஆண்டு பாதுகாப்பு, இடையில் புதுப்பித்து வந்தால். பலர் கோட்டைவிடுவது கெடுவில்தான்: டிசைன் முதலில் வெளியான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். இன்ஸ்டாகிராமில் படம் போட்டாலும் அது வெளியீடுதான். அச்சுத் துணி ஒரு வகுப்பு, தைத்த உடை வேறு வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம். டிசைன் உண்மையில் புதியதா என்று அலுவலகம் ஆராய்வதில்லை, ஆகவே சான்றிதழ் கையில் இருந்தாலும் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வாதிடலாம். இந்தியாவிலும் விற்க நினைத்தால் படம் போடும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அங்கே இந்த 6 மாதச் சலுகை கிடையாது.

ரகசியத்துக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை; பொதுச் சட்டத்தின் முறையற்ற போட்டி விதியைத்தான் நம்ப வேண்டும். நீங்களே ரகசியமாக வைக்காததை நீதிமன்றமும் ரகசியமாகப் பார்க்காது. மாதிரியைக் காட்டும் முன்பே தையல் கூடத்தாரிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் கட்டிங்கை உங்களிடமே வைத்துக்கொண்டு, வெட்டிய துண்டுகளை மட்டும் கட்டாக அனுப்புங்கள். பேட்டர்ன் வெளியே போகாது. துணியை அங்கேயே வெட்டுவதானால் அளந்து கொடுங்கள்: ஒரு குர்த்தாவுக்கு 2.2 மீட்டர் என்றால் 300-க்கு 660 மீட்டர், சேதத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மிச்சத் துண்டுகளும் லேபிளும் எண்ணிக்கையோடு திரும்ப வரட்டும். அதிகப்படியாகத் தைத்த உடைகள் பின்வாசல் வழியே சந்தைக்குப் போவது மிஞ்சிய துணியாலும் லேபிளாலும்தான். பேட்டர்ன் கோப்பு அனுப்பியே ஆக வேண்டுமென்றால், எந்தப் பிரதி யாருக்குப் போனது என்று எண் போட்டுக் குறித்து வையுங்கள்.

அச்சு ஓவியத்தை வெளி ஓவியரிடம் வரைய வாங்கினீர்களா? காசு கொடுத்ததாலேயே அதன் பதிப்புரிமை உங்களுக்கு வராது. அவர் கையெழுத்திட்ட எழுத்துபூர்வ உரிமை மாற்றம் வேண்டும், அச்சுக்குக் கொடுக்கும் முன்பே.