கிரீட் தீவில் ஏழு இரவு: வீட்டைத் தேடும் முன் ஊரை முடிவு செய்யுங்கள்

கேள்வி: ஜூன் கடைசியில் கிரேக்கத்தின் கிரீட் தீவுக்கு ஒரு வாரம் போக நினைக்கிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், மூட்டு வலியுள்ள அம்மா. இந்தியப் பாஸ்போர்ட். கார் ஓட்டப் போவதில்லை. எங்கே தங்குவது? ஹோட்டலா, வாடகை வீடா?

பதில்: அழகான படங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் வரைபடத்தைத் திறங்கள். கிரீட் கிழக்கு மேற்காகச் சுமார் 260 கி.மீ. நீளம். ஹெராக்லியோனிலிருந்து ஹனியாவுக்கு மட்டும் ஏறக்குறைய 140 கி.மீ.; பேருந்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஒரு மூலையில் அறை எடுத்துவிட்டு மறு மூலைக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று கணக்குப் போட்டால், பாதி விடுமுறை பேருந்திலேயே கழியும்.

கார் இல்லை என்பதால் உங்கள் தேர்வு எளிது. ஹெராக்லியோன், ரெதிம்னோ, ஹனியா மூன்றும் வடகரையில் இருக்கின்றன. கேடெல் எனும் வெளியூர்ப் பேருந்துகள் இவற்றை நாள் முழுக்க இணைக்கின்றன. தென்கரை வேறு கதை. லூத்ரோ போன்ற ஊருக்குப் படகில் போகலாம், இல்லையென்றால் நடக்க வேண்டும். நீச்சல் குளத்தோடு மலிவாகக் கிடைக்கும் மலைக் கிராம வீடுகளையும் விட்டுவிடுங்கள். பால் வாங்கவும் கார் வேண்டியிருக்கும்.

ஹெராக்லியோனில் இரண்டு இரவு, ஹனியாவில் ஐந்து இரவு என்று பிரிப்பதே என் பரிந்துரை. இரண்டு ஊரிலும் விமான நிலையம் உண்டு. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுங்கள். பழங்கால க்னோசோஸ் அரண்மனை ஹெராக்லியோனிலிருந்து 5 கி.மீ.தான், நகரப் பேருந்தே போகும். ஹெராக்லியோனில் சாதாரண ஹோட்டல் போதும்.

ஹனியாவில் சமையலறையுள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். பழைய துறைமுகத்தை ஒட்டிய வெனிசியர் காலத்து வீடுகள் படத்தில் மனதைப் பறிக்கும். ஆனால் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, படிகள் குறுகலும் செங்குத்துமாக இருக்கும், டாக்ஸி வாசல்வரை வராது, கோடை இரவுகளில் சந்தடியும் உண்டு. அம்மாவுக்கு அது தண்டனை. மேற்கே நியா ஹோரா பகுதியைப் பாருங்கள்: கடற்கரை பக்கத்தில், துறைமுகத்துக்குச் சுமார் கால் மணி நேர நடை. 'நான்கு பேர் தங்கலாம்' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். நாலாவது ஆளுக்குக் கூடத்து சோஃபாதான் படுக்கையாக இருக்கும். எந்த அறையில் எத்தனை கட்டில், எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்று உரிமையாளரிடம் முன்பதிவு இணையதளத்தின் வழியாகவே எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருந்தால்தான் பின்னால் வாதாட முடியும்.

வாடகை வீட்டு விளம்பரத்தில் கிரேக்க வரித்துறையின் 'ஏஎம்ஏ' பதிவு எண் இருக்க வேண்டும். சுற்றுலா உரிமம் பெற்ற விடுதிகளுக்கு 'எம்எச்டிஇ' எண். இரண்டும் இல்லையென்றால் ஒதுக்குங்கள். 'தளத்துக்கு வெளியே வங்கியில் பணம் போட்டால் தள்ளுபடி' என்றாலும் அப்படியே. அந்தப் பணத்தை யாரும் மீட்டுத் தர மாட்டார்கள்.

தளம் காட்டும் தொகையில் பெரும்பாலும் சேராத செலவு ஒன்று, அரசின் காலநிலைக் கட்டணம். 2025 விகிதப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் இரவுக்கு மூன்று நட்சத்திர ஹோட்டல் அறைக்கு 5 யூரோ, வாடகை அபார்ட்மென்ட்டுக்கு 8 யூரோ, 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீட்டுக்கு 15 யூரோ. தலைக்கு இத்தனை என்று கிடையாது, அறைக்கு அல்லது வீட்டுக்குத்தான். ஹெராக்லியோனில் மூன்று நட்சத்திர ஹோட்டலில் இரண்டு அறை, ஹனியாவில் அபார்ட்மென்ட் என்றால் மொத்தம் 60 யூரோ. போய்ச் சேர்ந்ததும் கேட்பார்கள்.

கடைசியாக விசா. ஷெங்கன் விசா (கிரேக்கம் உள்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) விண்ணப்பத்துக்கு எல்லா இரவுக்கும் தங்குமிடச் சான்று வேண்டும்; ஏதென்ஸில் ஓர் இரவு தங்கினால் அதுவும் சேரும். நால்வர் பெயரும் பதிவுச் சீட்டில் வரட்டும். பணம் திரும்பாத மலிவு விலையைத் தொடாதீர்கள், விசா மறுக்கப்பட்டால் மொத்தமும் போகும். இலவசமாக ரத்து செய்யும் கடைசி நாள், விசா முடிவு வரும் நாளுக்குப் பிறகு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் ஜனவரி, பிப்ரவரியில் அறையைப் பிடித்து, மார்ச்சில் விண்ணப்பியுங்கள்.